“வந்தாத்தானே சார் சேமிக்கிறது?”

சேலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தை எழுதச் சொன்னீர்கள். என் அனுபவம் ஒரு மாணவி கேட்ட கேள்வியில் ஆரம்பித்தது.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள், ஷவரில் குளிக்காதீர்கள் என்று ஏழாம் வகுப்பில் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “எங்க வீட்டுல குழாயே இல்லீங்க சார். தெருக்குழாயில நாலு நாளைக்கு ஒருக்கா வரும், பத்துக் குடம் பிடிப்போம். வந்தாத்தானே சார் சேமிக்கிறது?”

அவள் குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு, துணி அலசிய தண்ணீர் கக்கூசுக்கு என்று பிரித்து வைக்கிற வீட்டுப் பிள்ளை அவள். அவளுக்குச் சிக்கனம் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டேன்.

அடுத்த வாரம் வேறு இடத்தில் ஆரம்பித்தேன். தெருக்குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? “டேங்க்ல இருந்து.” டேங்குக்கு? “மேட்டூர்ல இருந்து.” அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. 1934-ல் கட்டி முடித்த அணை, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றெல்லாம் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அப்புறம் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டேன். அணை 120 அடிக்கு நிரம்பி நிற்கும்போதும் அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 240 மீட்டர்தான். நம்ம சேலம் டவுனோ ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வகுப்பே கலகலத்துவிட்டது. “அப்போ தண்ணி மேட்டுக்கு ஏறியா சார் வருது?”

ஆமாம், மோட்டார் தள்ளித்தான் வருகிறது. அணை நிரம்பிவிட்டது என்று டிவியில் காட்டுகிற வாரத்திலும் தெருக்குழாய் காய்ந்து கிடப்பது ஏன் என்று அதன்பிறகு அவர்களே பேசிக் கண்டுபிடித்தார்கள். கரண்ட் போயிருக்கும், பைப் உடைந்திருக்கும், வால்வு திறக்கிறவர் வந்திருக்க மாட்டார், முதல் வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சியிருப்பார். கடைசிக் காரணத்தைச் சொன்ன பையனை இன்னொருவன் முறைத்தான், இருவரும் ஒரே தெரு.

வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் காலத்துத் தண்ணீரைப் பற்றிக் கேட்டு வரச் சொன்னேன். ஒரு பையன் தன் பாட்டியைக் கையோடு கூட்டி வந்துவிட்டான். காவிரி வருவதற்கு முன் சேலத்துக்குக் குடிதண்ணீர் தந்தது பனமரத்துப்பட்டி ஏரி என்பது புத்தகத்தில் இல்லாத பாடம். பாட்டி அந்தத் தண்ணீரின் ருசியைச் சொல்லத் தொடங்கியவர், ஏரி சீமைக்கருவேல முள்ளாகிப் போனதைச் சொல்லும்போது நிறுத்திவிட்டார். பிள்ளைகளும் பேசவில்லை. நான் ஒரு வருடம் கத்தியிருந்தாலும் அந்த அமைதி வந்திருக்காது.

பள்ளிக் குழாய் ஒன்று நூலாக ஒழுகிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் டம்ளர் வைத்தோம், கால் லிட்டர் சேர்ந்தது. ஒரு மணிக்கு ஒன்றரை லிட்டர், ஒரு நாளைக்கு 36 லிட்டர். கணக்கைப் போட்டு முடித்தவள் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்தான். “ரெண்டு குடத்துக்கு மேல சார்” என்றாள். பிளம்பர் வந்து வாஷர் மாற்றியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். போன மாதம் இன்னொரு குழாய் ஒழுகியது, நான் கவனிப்பதற்குள் வாஷர் வாங்கக் காசு கேட்டு வந்து நின்றாள்.

ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை:

சார், உங்கள் மாணவி கேட்டதையே எங்கள் மலையிலும் கேட்கிறார்கள். சேலத்தைவிட இங்கே மழை அதிகம், ஊர்ப் பேரிலேயே ஏரி இருக்கிறது. ஆனால் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகள் ஏப்ரலில் ஊற்றுக்கு நடந்துதான் தண்ணீர் தூக்குகிறார்கள். இவ்வளவு மழை பெய்தும் ஏன் இல்லை என்பதைக் காட்ட இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலை நீளவாக்கில் வெட்டினேன். ஒன்றில் வெறும் மண், இன்னொன்றில் மண்ணுக்கு மேல் காப்பித் தோட்டத்தில் அள்ளிய சருகு. இரண்டையும் சாய்த்து வைத்து ஒரே அளவு தண்ணீர் ஊற்றினோம். வெறும் மண் பாட்டிலில் தண்ணீர் சேறாகக் கொட்டி உடனே நின்றது. சருகு போட்டதில் தெளிவாக, சொட்டுச் சொட்டாக வெகுநேரம் வந்தது. “இதான் மிஸ் ஊத்து” என்றான் ஒருவன். மரம் வெட்டிய சரிவுக்குக் கீழே இருந்த ஊற்று நின்றுபோனதை அவன் கண்ணால் பார்த்தவன்.

ஏற்காடு ஏரி நிரம்பினால் தண்ணீர் கிளியூர் அருவிக்குப் போகும் என்று எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். மலைத் தண்ணீர் கீழே சேலத்துக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கும் போகிறது என்றதும் நம்பவே இல்லை.

முதலில் எழுதியவர்:

உங்கள் பாட்டில் சோதனையை இந்த வாரமே செய்கிறேன், மிக்க நன்றி. மூக்கனேரிக்கு நாங்கள் போய் வந்தோம். 2010-ல் ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரி, அந்த மண்ணிலேயே திட்டுகள் போட்டு மரம் வைத்த ஏரி. பறவைகளை எண்ணுவதிலேயே எங்கள் நேரம் போய்விட்டது. அந்தத் தண்ணீர் உங்கள் மலையிலிருந்து வருகிறது என்பதை நான் அங்கே அழுத்திச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்று செய்யலாமா? ஜூனிலிருந்து நீங்கள் மேலே, நாங்கள் கீழே, ஒரே நாளில் மழையை அளப்போம். அடிமுதல் வாய்வரை ஒரே அகலமான டப்பாவும் ஒரு ஸ்கேலும் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். எங்கள் வகுப்பறை மொட்டைமாடி 60 சதுர மீட்டர், 10 மில்லிமீட்டர் பெய்தால் 600 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 40 குடம். உங்கள் பள்ளிக் கூரையின் நீள அகலத்தைப் பிள்ளைகளை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். குடக்கணக்குப் போட இங்கே ஒருத்தி தயாராக இருக்கிறாள்.