வேலையை விடாமல் தேசிய இளம் நிபுணர்கள் அகாடமியில் சேரலாமா?

வரவுசெலவு: தணிக்கை வேலையில் இருக்கிறேன், இன்னும் முப்பது ஆகவில்லை. பல துறை இளைஞர்களைக் குழுவாகச் சேர்த்து ஏதாவது ஒரு சமூகப் பிரச்சினையைக் கையில் கொடுக்கும் தேசிய அகாடமி ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசனை. ஒரு வருடம், பகுதிநேரம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டும் ஆசையெல்லாம் இல்லை. நிஜமாகவே ஏதாவது நடக்குமா, இல்லை ஸ்லைடு காட்டிக் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்களா?

நூலகவாசி: முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். ஜெர்மனியில் 2000-லும் நெதர்லாந்தில் 2005-லும் தொடங்கிய இளம் அகாடமிகள் முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர்களுக்கானவை, உறுப்பினர் காலமே 5 வருடம். உங்களைப் போல் வேலையில் இருப்பவர்களுக்கானது வேறு ரகம்.

பழைய மாணவி: நான் இந்த இரண்டாவது ரகத்தில் இருந்தவள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிரச்சினையைக் கொடுத்தது யார், முடிவை வாங்கிச் செயல்படுத்தப்போவது யார்? எங்கள் குழுவுக்கு வந்தது கடனில் சிக்கிய குடும்பங்கள். கடன் ஆலோசனை மையத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மா பை நிறைய நோட்டீஸ் கொண்டுவந்து கொட்டினார், ஒரு உறைகூடப் பிரிக்கவில்லை. நாங்கள் பிரித்துப் பார்த்தால் பாக்கித் தொகை கொட்டை எழுத்தில், உதவி எண் பின்பக்கம் பொடி எழுத்தில். கடிதத்தையே மாற்றி எழுதினோம். சட்டப்படி எந்த வரி இருந்தே ஆகவேண்டும் என்று குழுவில் இருந்த வக்கீல் சொன்னார், மீதியை வெட்டிவிட்டு உதவி எண்ணையும் தவணை கேட்கும் வழியையும் மேலே கொண்டுவந்தோம். அந்தக் கடிதங்களை அனுப்பும் அலுவலகத்தின் மேலதிகாரி தொடக்கத்திலிருந்தே கூட்டங்களில் உட்கார்ந்ததால்தான் அது நடைமுறைக்கு வந்தது. பக்கத்துக் குழுவின் யோசனை எங்களுடையதைவிடப் பிரமாதம், ஆனால் கேட்பாரில்லை, பிடிஎஃப்பாகத் தூங்குகிறது.

எதிர்க்கட்சி: கடிதம் மாறியது சரி, கடன் குறைந்ததா? இந்த மாதிரிப் பிரச்சினைகளுக்கு 'முடிந்தது' என்று சொல்லும் இடமே கிடையாது என்று திட்டமிடல் பற்றி எழுதிய பேராசிரியர்கள் ரிட்டல், வெப்பர் இருவரும் 1973-லேயே எழுதிவிட்டார்கள், ஒரு வருடத்தில் தீர்வு என்று விளம்பரம் செய்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அப்புறம், தேர்வாகிறவர்கள் எல்லாரும் நன்றாகப் பேசத் தெரிந்த பட்டதாரிகள், கடனில் இருப்பவர் ஒருவராவது குழுவில் உண்டா?

பழைய மாணவி: கடன் குறைந்தது என்று நான் சொல்லவே இல்லையே. ஆலோசனைக்கு ஆள் சீக்கிரம் வந்தால் வட்டியும் அபராதமும் ஏறுவதற்குள் தவணை பேசலாம், அவ்வளவுதான். குழுவில் கடனாளி யாரும் இல்லை என்பது நியாயமான குறை. @வரவுசெலவு, உங்கள் நிறுவனம் அந்த நாட்களை வேலைநாளாக எடுத்துக்கொள்ளுமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தையை நம்பினால் ஆடிட் சீசனில் மாட்டிக்கொள்வீர்கள்.

வரவுசெலவு: மேனேஜரிடம் நாளைக்கே கேட்கிறேன். போன வருடக் குழுக்களின் முடிவுகளை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று அகாடமிக்கும் மெயில் போட்டாயிற்று, பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.