அமெரிக்க காலேஜ் பேஸ்கட்பால் கோச் டான் மேயரை நேர்ல பாத்தவங்க, அவர் கேம்ப்ல இருந்தவங்க எழுதுங்க

டகோட்டா_குளிர்:
நான் 2008ல அபெர்டீன் நார்தர்ன் ஸ்டேட் யுனிவர்சிட்டில சேர்ந்தேன், சவுத் டகோட்டா, அவர் அப்போ கோச்சா இருந்த எடம். சேர்ந்த கொஞ்ச நாள்லயே செப்டம்பர் 5 ஆக்சிடென்ட். டீம் பசங்க எல்லாம் பின்னாடி கார்ல வர, முன்னாடி ஓட்டிட்டுப் போன கோச் கண்ணசந்து எதிர்ல வந்த தானிய லாரில மோதிட்டாரு. இடது கால் முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு, ஆபரேஷன் பண்றப்போதான் கல்லீரல்லயும் சிறுகுடல்லயும் கேன்சர் இருக்குன்னே தெரிஞ்சுது. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நான் சொல்ல வந்தது 2009 ஜனவரி 10. பாபி நைட்ங்கற கோச்சோட 902 ஜெயிப்பு ரெக்கார்டை அவர் தாண்டின மேட்ச், யுனிவர்சிட்டி ஆஃப் மேரி கூட. எனக்கு பேஸ்கட்பால் ஒண்ணும் தெரியாது, வெளிய இருக்க முடியாத குளிரு, ரூம்மேட் இழுத்துட்டுப் போனான். வீல்சேர்ல உக்காந்திருக்காரு மனுஷன், நாலு மாசம் முன்னாடி பொழைப்பாரான்னு இருந்தவரு. ஜெயிச்சதும் எல்லாரும் எந்திரிச்சு நின்னு கத்துறாங்க, நானும் கத்துனேன், கெளம்புறப்போ என் கோக் கப்பை சீட்டுக்கு அடியில விட்டுட்டு நடந்தேன். பின்னாடி வரிசைல இருந்த ஒரு பாட்டி, எழுபது வயசுக்கு மேல இருக்கும், குனிஞ்சு அத எடுத்து தன் கப்போட சொருகிட்டுப் போனாங்க. என்னைப் பாத்து முறைக்கல, ஒண்ணும் சொல்லல. அவரோட மூணு ரூல் எனக்கு அப்புறம்தான் தெரியும்: எல்லாரும் நோட்ஸ் எடுக்கணும், எல்லாரும் ப்ளீஸ் தேங்க்யூ சொல்லணும், எல்லாரும் குப்பை பொறுக்கணும். அந்தப் பாட்டிக்கு அது தெரிஞ்சிருந்துச்சா, இல்ல அவங்க பழக்கமே அப்படியான்னு தெரியாது. இன்னிக்கும் தியேட்டர்ல கப்பைக் கையில எடுத்தா அவங்க குனிஞ்ச முதுகுதான் கண்ணு முன்னாடி வருது.

நாஷ்வில்_அப்பா:
தம்பி, எங்க கதை அதுக்கு முன்னாடி. அவர் இங்க நாஷ்வில் லிப்ஸ்கம் காலேஜ்ல 1975ல இருந்து 1999 வரைக்கும் இருந்தாரு. 86ல என்ஏஐஏ (சின்ன காலேஜுங்களோட ஸ்போர்ட்ஸ் சங்கம்) சாம்பியன், ஜான் பியர்ஸ் 4,230 பாயின்ட் அடிச்சதெல்லாம் அவர்கிட்ட ஆடித்தான். நாங்க H1ல வந்து ஒரு வருஷம், கைல காசு இல்ல, பையன் அழுது அடம்புடிச்சு 98 சம்மர்ல அவரோட பைசன் பேஸ்கட்பால் கேம்ப்புக்குப் போனான். பத்து வயசு. முத நாள் சாயங்காலம் கார்ல ஏறினதும் என்னடா கத்துக்கிட்டேன்னு கேட்டா ஒரு நோட்டை நீட்டுறான். ரெண்டு பக்கம் எழுதியிருக்கான், பந்தைப் பத்தி நாலு வரிதான், மிச்சமெல்லாம் யாருக்கு தேங்க்ஸ் சொல்லணும், சாப்பிட்ட தட்டை எங்க வைக்கணும்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், இதுக்காடா இவ்ளோ பணம், இத உங்கம்மா சும்மாவே சொல்லுவாளேன்னு கத்திட்டேன். அவன் நோட்டை மூடி காலடியில வச்சுக்கிட்டான், வீடு வர்ற வரைக்கும் பேசல. மறுநாள் கேம்ப்புக்குப் போனான், ஆனா அந்த நோட்டை அதுக்கப்புறம் எங்கிட்ட காட்டவே இல்ல. அவர்னா எனக்கு ஞாபகம் வர்றது அதுதான். இப்ப அவனுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு.

பாக்ஸ்_ஸ்கோர்:
@டகோட்டா_குளிர் ஒரு திருத்தம், தப்பா எடுத்துக்காதீங்க. 902ங்கறது என்சிஏஏ (பெரிய காலேஜ் ஸ்போர்ட்ஸ் சங்கம்) ஆண்கள் ரெக்கார்ட் மட்டும்தான். இல்லினாய்ஸ்ல மெக்கென்ட்ரி காலேஜ் ஹாரி ஸ்டாதம் அதுக்கு முன்னாடியே அதையெல்லாம் தாண்டிட்டாரு, அவர் அப்போ என்ஏஐஏல இருந்ததால அந்தக் கணக்குல சேரல. மேயரோட லிப்ஸ்கம் ஜெயிப்பும் என்ஏஐஏல வந்ததுதான், ஆனா ரிட்டயர் ஆனப்போ இருந்த காலேஜ் என்சிஏஏ டிவிஷன் டூ, அதனால மொத்த 923ம் சேர்ந்துச்சு. நான் ஸ்டாதம் டீம் மேட்ச் ஒண்ணு பாத்திருக்கேன், கூட்டம் பாதிகூட இல்ல. பக்கத்துல இருந்தவர் சொன்ன பிறகுதான் ஆயிரம் ஜெயிப்பை நெருங்குற கோச் முன்னாடி உக்காந்திருக்கேன்னே தெரிஞ்சுது. சின்ன காலேஜ் கோச்சுங்க பாதி பேர் கதை இதுதான், அதனாலதான் எழுதறேன்.

நெடுஞ்சாலை_அக்கா:
வெளிய எல்லாரும் மேயரோட பக்தியைப் பத்தி பேசுறாங்க. ஆக்சிடென்ட் ஆனதாலதான் கேன்சர் தெரிஞ்சுது, அது கடவுள் தந்த வரம்ங்கற மாதிரி எல்லாரும் எழுதறாங்க, எனக்கு அது ஒப்பல. தூக்கத்துல ஓட்டினது தூக்கத்துல ஓட்டினதுதான். என் தம்பி ஃபார்கோ பக்கத்துல இப்படித்தான் பள்ளத்துல இறங்கினான், எதிர்ல வண்டி இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். ஹாஸ்பிடல்ல அவன் ஷூ மட்டும் ஒரு பிளாஸ்டிக் பைல கொடுத்தாங்க, அந்தப் பை இன்னும் என்கிட்ட இருக்கு.

தயவுசெஞ்சு கேளுங்க. மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் உடம்பு தானா தளரும், முந்தின ராத்திரி நல்லா தூங்கியிருந்தாலும் தளரும். கண்ணாடி இறக்குறது, பாட்டு சத்தமா வைக்கிறது, கன்னத்துல அடிச்சுக்கறது எதுவும் நிக்காது, கொஞ்ச நேரத்துல திரும்ப வரும். கடைசி ரெண்டு மைல் எப்படி வந்தோம்னு ஞாபகம் இல்லன்னா அப்பவே நிறுத்துங்க. காபி குடிச்சா ஏற அரைமணி ஆகும், அதனால குடிச்சிட்டு உடனே சீட்டை சாய்ச்சு இருபது நிமிஷம் தூங்குங்க, எந்திரிக்கறப்போ காபியும் வேலை செய்யும். ரெஸ்ட் ஏரியா இல்லன்னா அடுத்த எக்ஸிட்ல பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க, ஹைவே ஓரத்துல வேணாம், பின்னாடி வர்றவன் இடிப்பான். கூட வர்றவங்களும் தூங்காதீங்க. முன்னாடி போற வண்டி ரோட்டுக் கோட்டைத் தொட ஆரம்பிச்சா உடனே போன் போடுங்க, மரியாதைக்குறைவா இருக்குமோன்னு யோசிக்காதீங்க, கோச்சா இருந்தாலும் மாமனாரா இருந்தாலும்.

மெல்ல_வளரும்:
அக்கா, தூக்கத்தைப் பத்தி நீங்க சொன்னது எல்லாம் சரி. ஆனா அந்த வரம்ங்கற விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். எங்கப்பாவுக்கும் மேயருக்கு வந்த அதே கார்சினாய்ட் கேன்சர்தான். மெல்ல வளரும், வருஷக்கணக்கா தெரியாது. முகம் சிவக்கும், வயித்தால போகும், எல்லாரும் சாப்பாடு ஒத்துக்கலம்பாங்க. அப்பாவுக்கு எந்த லாரியும் இடிக்கல, அதனால யாரும் திறந்து பாக்கல. கண்டுபிடிச்சப்போ எலும்பு வரைக்கும் போயிடுச்சு. மேயர் அதுக்கப்புறம் ஆறு வருஷம் கிட்ட இருந்தாரு, 2014 மே 18 வரைக்கும், 2010 வரைக்கும் கோச்சிங் வேற. 2009ல ஈஎஸ்பிஒய்ங்கற ஸ்போர்ட்ஸ் விருது மேடைல, விடாம போராடினவங்களுக்குத் தர்ற ஜிம்மி வி அவார்ட் வாங்க அவர் வந்ததை நான் அப்பா கட்டில் பக்கத்துல உக்காந்து டிவில பாத்தேன். அப்பா வால்யூம் கூட்டச் சொன்னாரு. அதுக்கு முன்னாடி மூணு நாளா அவர் எதுவுமே கேக்கல. அந்த மனுஷன் அதை வரம்னு நெனச்சிருந்தா நெனச்சுட்டுப் போகட்டும்க்கா.

நெடுஞ்சாலை_அக்கா:
அப்பா விஷயம் தெரியாம எழுதிட்டேன்மா. மன்னிச்சிடு. தூக்கத்தைப் பத்தி சொன்னது மட்டும் அப்படியே இருக்கட்டும்.

மூணாவது_நோட்டு:
நான் டெக்சாஸ்ல ஹைஸ்கூல் அசிஸ்டன்ட் கோச், அவரோட பழைய கோச்சிங் டேப் பாத்துத்தான் டிஃபென்ஸ் கத்துக்கிட்டேன். அவர் வருஷத்துக்கு மூணு நோட்டு வச்சிருப்பாரு, ஒண்ணு பேஸ்கட்பாலுக்கு, ஒண்ணு பொதுவா கத்துக்கிட்டதுக்கு, மூணாவது பொண்டாட்டி கார்மென் பத்தி, அவங்ககிட்ட புடிச்சதை எழுதி வருஷக் கடைசில அவங்களுக்கே கொடுத்துடுவாராம். ரெண்டு பொண்ணு ஒரு பையன், சீசன் நடுவுல ராத்திரி பஸ்ல திரும்பி வர்ற பொழப்பு, அதுலயும் எழுதியிருக்காரு.

நானும் ஆரம்பிச்சேன். பதினொரு நாள் எழுதினேன், பன்னெண்டாவது நாள் பிளேஆஃப், விட்டுட்டேன். போன தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்றப்போ என் பொண்டாட்டி அத எடுத்துப் படிச்சிருக்கா. ஒண்ணும் கேக்கல. மறுபடி அலமாரில அதே எடத்துல வச்சிருந்தா, பன்னெண்டாவது பக்கத்துல ஒரு பேனாவைச் சொருகி.

நாஷ்வில்_அப்பா:
மூணாவது நோட்டு தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு பையனுக்குப் போன் பண்ணேன். கேம்ப் நோட்டு இருக்காடான்னு கேட்டேன். இருக்குப்பான்னான். பாக்கலாமான்னு கேட்டேன். சனிக்கிழமை வரேன், எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்கான்.