ஏர் டிரான்சாட் 236: இருந்த இடைவெளி எப்படி மூடியது?

கேள்வி:
2001 ஆகஸ்ட் 24, டொராண்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏர் டிரான்சாட்டின் ஏ330 விமானம். வலது எஞ்சினை மாற்றி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எரிபொருள் குழாயும் ஹைட்ராலிக் குழாயும் உரசி எரிபொருள் குழாயில் ஓட்டை விழுந்ததாக விசாரணை அறிக்கை சொல்கிறது. மாட்டும்போது இரண்டு குழாய்களுக்கும் நடுவில் இடைவெளி இருந்ததாகவும் அதிலேயே இருக்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

மாறன்:
இரண்டும் உண்மைதான் சார். மாற்றாகக் கடனுக்கு வந்த ட்ரென்ட் எஞ்சினில் ஹைட்ராலிக் பம்புக்கான சர்வீஸ் புல்லட்டின் (தயாரிப்பாளர் தரும் மாற்றக் குறிப்பு) வேலை நடக்கவில்லை, கழற்றியதில் நடந்திருந்தது. மாட்டியபோது பம்பும் எரிபொருள் குழாயும் புது வகை, ஹைட்ராலிக் குழாய் மட்டும் பழைய வகை. மூன்றும் ஒரே செட்டாக மாற வேண்டியவை. இடிக்கிற குழாயைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து நட்டை முறுக்கினால் இடைவெளி கிடைத்துவிடும். ஆனால் உள்ளே 3000 பிஎஸ்ஐ அழுத்தம் ஏறியதும் குழாய் தன் இயல்பான இடத்துக்கே திரும்பிவிடும். அப்புறம் எஞ்சின் அதிர்வு உரசி உரசி அறுக்கும்.

கேள்வி கேட்டவர்:
லீக் செக்கில் (கசிவுச் சோதனையில்) இது பிடிபட்டிருக்காதா?

மாறன்:
அன்றைக்கு ஓட்டையே இல்லையே, எது கசியும்? லீக் செக் இணைப்புகளைத்தான் காட்டும், உரசலைக் காட்டாது. அழுத்தம் ஏற்றி இறக்கிய பிறகு இடைவெளியைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

செல்வி:
குழாய் மாட்டும்போது இரண்டு முனை நட்டையும் முதலில் கையால் மட்டும் திருகுங்கள். குழாய் தானாக உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் பார்ட் நம்பரைப் பாருங்கள், கையை வைத்து வளைக்காதீர்கள். அந்த எஞ்சினை மாற்றியபோது புல்லட்டினைக் கணினியில் திறக்க முடியவில்லை, ஆனாலும் வேலை தொடர்ந்தது. என்னைக் கேட்டால் விபத்து அந்த இடத்தில் தொடங்கிவிட்டது. கடன் எஞ்சின் வந்தால், பழையதில் எந்தெந்த புல்லட்டின் முடிந்திருக்கிறது, புதியதில் எது பாக்கி என்று மாட்டுவதற்கு முன்பே ஒப்பிட வேண்டும்.

இளங்கோ:
காக்பிட்டில் முதலில் தெரிந்தது எண்ணெய் வெப்பம் குறைவு, எண்ணெய் அழுத்தம் அதிகம். கசிவால் கூடுதல் எரிபொருள் எண்ணெய்க் குளிர்விப்பான் வழியாக ஓடி எண்ணெயைக் குளிர வைத்தது. விமானிகளுக்கு அது கசிவாகப் படவில்லை. பிறகு டேங்குகளில் எரிபொருள் சமமில்லை என்று எச்சரிக்கை வந்தது. செக்லிஸ்டைப் பார்க்காமல் நினைவிலிருந்தே கிராஸ்ஃபீடை (இரு பக்க எரிபொருளையும் இணைக்கும் வால்வை) திறந்தார்கள். கசிவு சந்தேகம் இருந்தால் திறக்காதே என்ற எச்சரிக்கை அந்த செக்லிஸ்டில்தான் இருந்தது. இடது டேங்க் எரிபொருளும் ஓட்டை வழியே போனது. வலது எஞ்சின் நின்று 13 நிமிடத்தில் இடதும் நின்றது. எஞ்சினே இல்லாமல் சுமார் 19 நிமிடம் மிதந்து அசோர்ஸ் தீவுகளின் லாஜெஸில் இறங்கினார்கள். 306 பேரும் பிழைத்தார்கள்.