முடிவு தெரிந்த கதையை விறுவிறுப்பாக எழுத முடியுமா? ஃபோர்சைத் எப்படிச் செய்தார்?

செங்கோட்டைக்காரன் கேட்டது:

வணக்கம். நான் நாலு வருடமாக ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷை எங்கள் ஊர் வாஞ்சிநாதன் சுட்டாரே, அதுதான் கதை. ஆறு அத்தியாயம் முடித்து ஒரு வார இதழுக்குக் கொண்டுபோனேன். "யார் சுட்டார், யார் செத்தார் என்று பள்ளிக்கூடப் பையனுக்கே தெரியும். இதில் என்ன மர்மம் இருக்கிறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கை ஓடவில்லை.

போன வருடம் ஜூனில், அதாவது 2025இல், ஆங்கில நாவலாசிரியர் ஃபிரெடரிக் ஃபோர்சைத் இறந்தபோது, அவர் முதல் நாவலை 35 நாளில் எழுதினார் என்று படித்தேன். அது உண்மையா? உண்மையென்றால் எனக்கு ஏன் வரவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாளை வாசகி:

உண்மைதான். 1970 ஜனவரியில், கையில் காசும் இல்லாமல் வேலையும் இல்லாமல் இருந்தபோது எழுதியது. 1938இல் இங்கிலாந்தில் ஆஷ்ஃபோர்டில் பிறந்தவர். விமானப்படையில் ஜெட் ஓட்டினார், பிறகு ராய்ட்டர்ஸ் நிருபர், பிறகு பிபிசி. நைஜீரியாவின் பியாஃப்ரா போரைச் சொல்லும் விதத்தில் முரண்பட்டு பிபிசியை விட்டார். சொந்தமாகவே திரும்பப் போய் அந்தப் போரைப் பற்றி எழுதினார்.

உங்களுக்கு வேண்டிய செய்தி இதுதான்: அந்த முதல் நாவலான 'தி டே ஆஃப் தி ஜக்கால்' கைப்பிரதியைச் சில பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. பிரான்சின் அதிபராக இருந்த டி கால் அப்போது உயிரோடு இருந்தார். சாகாதவரைக் கொல்லப் பார்க்கும் கதையை யார் படிப்பார்கள் என்றார்கள். உங்களிடம் சொன்ன அதே பேச்சு. 1971இல் புத்தகம் வந்தது. அடுத்த வருடமே, அமெரிக்காவில் மர்மக் கதைகளுக்குத் தரும் எட்கர் விருது கிடைத்தது.

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்:

தம்பி, நான் முப்பத்துநாலு வருடம் ரயில்வேயில் இருந்தவன். மீட்டர் கேஜ் காலத்தில், தென்காசிப் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இரவுப் பணியின்போது அந்த நாவலைப் படித்தேன். அடுத்த ஸ்டேஷன்வரை போக அனுமதியான டோக்கனை டிரைவருக்குக் கொடுத்துவிட்டு, வண்டியின் பின்விளக்கு மறையும்வரை நின்று பார்க்க வேண்டும். அதுதான் விதி. அன்றைக்கு அந்த விளக்கு மறைய எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? மேஜையில் புத்தகம் திறந்து கிடக்கிறது! டி கால் சாக மாட்டார் என்று எனக்கும் தெரியும். இருந்தும் உள்ளங்கை வேர்த்தது.

ஏனென்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். 'நடக்குமா' என்ற கேள்வியை அவர் வாசகனிடமிருந்து பிடுங்கிவிட்டு, 'எப்படி' என்பதைக் கையில் கொடுத்தார். கொலைகாரன் கிராமத்துக் கல்லறைகளில் சுற்றி, சின்ன வயதில் இறந்த ஒரு குழந்தையின் பெயரைக் கண்டுபிடிக்கிறான். அந்தப் பெயரில் பாஸ்போர்ட் வாங்குகிறான். துப்பாக்கியை ஊன்றுகோலுக்குள் மறைக்கிறான். கடைசியில் குண்டு தவறுவது எதனால்? பதக்கம் குத்திய வீரரின் கன்னத்தில் முத்தமிட டி கால் குனிகிறார், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்களின் வழக்கத்தைப் பக்கத்தில் நின்று பார்க்காதவனுக்கு இது தோன்றாது.

35 நாள் என்பது கதிர் அறுத்த கணக்கு மட்டும். நாற்றுப் பாவியது 1960களின் தொடக்கத்தில், பாரிசில். அல்ஜீரியாவுக்கு விடுதலை தரக்கூடாது என்ற ஓஏஎஸ் ரகசியப் படை டி காலைக் கொல்ல அலைந்த நாள்களில் அவர் அங்கே நிருபர். 1962 ஆகஸ்டில் பாரிசை அடுத்த பெட்டி கிளாமாரில் டி காலின் காரைச் சுட்டார்களே, அதற்குத் தலைமை தாங்கியவருக்கு மரண தண்டனை நிறைவேறும் காலையில்தான் நாவல் தொடங்குகிறது. பின்னாலும் அப்படித்தான், 'தி ஒடெஸா ஃபைல்' எழுத, நாஜிக் குற்றவாளிகளைத் தேடிக்கொண்டிருந்த சைமன் வீசந்தாலிடமே போய்க் கேட்டார். ஆகவே நாளை எண்ணாதீர்கள். நீங்கள் எதை நேரில் பார்த்தீர்கள் என்று எண்ணுங்கள்.

மணியாச்சி ஒரு சந்திப்பு. திருநெல்வேலியிலிருந்து வந்த ஆஷ், மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்து, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய இணைப்பு வண்டிக்காகக் காத்திருந்தார். கொடைக்கானல் போகிற பயணம். காலை பத்தே முக்கால் ஆகவில்லை. நிற்கிற வண்டிக்குள் இருப்பவருக்கு ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை நான் தினமும் பார்த்தவன். ஜன்னலை ஏற்றுவார், இறக்குவார், கடிகாரத்தை எடுப்பார். அந்த இணைப்பு வண்டி முன்னதாக வந்திருந்தால்? உங்கள் கதையின் நாடி அங்கே துடிக்கிறது, வாஞ்சியின் துப்பாக்கியில் மட்டுமல்ல. அதை எழுதினீர்களா?

செங்கோட்டைக்காரன்:

இல்லை, ஐயா. முதல் அத்தியாயத்திலேயே சுட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், மணியாச்சியில் நான் இறங்கியதே இல்லை. அந்த வழியாக நூறு முறை போயிருக்கிறேன், ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பாளையங்கோட்டையில் உள்ள ஆஷின் கல்லறைக்கும் போனதில்லை. ஆறு அத்தியாயத்தையும் ஒதுக்கி வைக்கிறேன்.

பாளை வாசகி:

கிழித்துவிடாதீர்கள். வாஞ்சியோடு கூட வந்ததாகச் சொல்லப்படுகிற மாடசாமி கடைசிவரை அகப்படவில்லை. அவர் ஓடிய ஓட்டம் உங்கள் பிரதியில் இருக்கிறதா?

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்:

நல்ல கேள்வி, அம்மா. தம்பி, வருகிற ஞாயிற்றுக்கிழமை நெல்லை ஜங்ஷனுக்கு வந்துவிடுங்கள். நானும் வருகிறேன். பத்தரைக்குள் மணியாச்சி பிளாட்பாரத்தில் இருக்க வேண்டும். ஒரு நோட்டும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் வெயில் அங்கே பொல்லாதது.