பெல்லன்வில ஈரநிலத்துக்கு ஒரு பார்வையாளர் நிலையம்: சதுப்பின் நடுவிலா, கரையிலா?

தெஹிவளை மாணவி

மொறட்டுவையில் கட்டடக்கலை இறுதி ஆண்டு படிக்கிறேன். கொழும்பை ஒட்டிய பெல்லன்வில–அத்திடிய சரணாலயத்துக்கு ஒரு பார்வையாளர் நிலையம் வரைவதுதான் என் இறுதித் திட்டம். 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட 372 ஹெக்டேயர் நிலம் அது. நெல் விளைந்து, பிறகு கைவிடப்பட்ட வயல்கள் அதில் நிறைய.

எனக்கு அது வெறும் மனை அல்ல. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது, அப்பா ஞாயிறு காலைகளில் சைக்கிளின் முன்கம்பியில் என்னை இருத்திக்கொண்டு அந்த வயலோரம் போவார். “சிவப்புக் காலைப் பார்” என்று அவர் காட்டிய நீலத் தாழைக்கோழிதான் நான் பெயர் சொல்லப் பழகிய முதல் பறவை.

முதல் வரைபடத்தில் கட்டடத்தைச் சதுப்பின் நடுவே தூண்களில் நிறுத்தினேன். மேற்குக் கரையிலிருந்து 140 மீற்றர் மரநடைபாதை, அதன் முடிவில் நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த மண்டபம். வகுப்பில் எல்லோரும் பாராட்டினார்கள். அன்று மாலையே அங்கே போய் நின்றேன். மண்டபம் என்று நான் குறித்திருந்த இடத்தில் ஒரு கானாங்கோழி தன் கறுத்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கோரைக்குள் நுழைந்தது. அதன் பிறகு அந்த வரைபடத்தை விரித்துப் பார்க்கவே மனம் வரவில்லை.

கட்டடம் எங்கே நிற்க வேண்டும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பா சென்ற ஆண்டிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். நின்று பார்ப்பவர்கள் காண்பதை அவரும் காண என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற வடிகால் பொறியியலாளர்

மகள், கரைக்கு வாருங்கள். ஆனால் கரையிலும் மண் கொட்டி நிரப்பாதீர்கள்.

கொழும்பின் சதுப்புகளில் மேலே சேறு, அதன் கீழே பல இடங்களில் அழுகிய தாவரப் படிவு. அதன் மேல் மண்ணைக் கொட்டினால், அது பல ஆண்டுகள் மெல்ல மெல்ல அமிழ்ந்துகொண்டே இருக்கும். கட்டடம் ஆழத்தூண்களில் அசையாமல் நிற்கும். வாசற்படி மட்டும் பிளந்து கீழே போகும். இதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய காரணம் வெள்ளம். 600 சதுர மீற்றரை ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு நிரப்பினால், 900 கன மீற்றர் தண்ணீருக்கு இருந்த இடத்தை எடுத்துவிடுகிறீர்கள். அந்தத் தண்ணீர் யாரோ ஒருவருடைய அடுப்படிக்குள் போகும். 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகமே நீரில் நின்றது. ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ரம்சாரின் கீழ், 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை முதன்முதலில் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. இந்தச் சதுப்புகள் மழையை வாங்கி வைத்திருந்து மெதுவாக விடுவதால்தான் நகரம் தாங்குகிறது. உங்கள் நிலையம் அதைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் கட்டடம் அதைச் செய்ய வேண்டும். தரையைத் தூண்களில் உயர்த்தி, அடியில் வெள்ளம் போய்வர விடுங்கள்.

மலசலகூடத்தை இன்றே யோசியுங்கள். நிலத்தடி நீர் காலடியில் இருக்கும் இடத்தில் உறிஞ்சுகுழி வேலை செய்யாது, அழுக்கு நேரே சதுப்புக்குள் கசியும். கழிவுநீர்க் குழாய் இருக்கும் வீதிப் பக்கமாகவே அதை வையுங்கள். குழாய் இல்லையென்றால், மூடிய தொட்டி வைத்து வண்டியில் ஏற்றி அகற்ற வேண்டும்.

ஞாயிறு பறவை நோக்கர்

தங்கச்சி, அந்தக் கண்ணாடி மண்டபத்தை விட்டுவிடுங்கள். கண்ணாடியில் தெரியும் வானத்தையும் கோரையையும் பறவை உண்மை என்று நம்பிப் பறந்து வந்து மோதும். கண்ணாடி வேண்டிய இடத்தில், வெளிப்பக்கத்தில் 5 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் புள்ளிகள் பதியுங்கள்.

மேற்குக் கரை என்கிறீர்கள். காலையில் கிழக்கே பார்த்தால் வெயில் கண்ணில் அடிக்கும், பறவைகள் கரிய நிழலாகத்தான் தெரியும். பார்வை அறையை வடக்கு நோக்கித் திருப்பிக் கூரையை நன்றாக முன்னே இறக்குங்கள். உள்ளே இருட்டாக இருக்கட்டும். அகலச் சாளரத்துக்குப் பதிலாக நீளமான குறுகிய திறப்பு போதும். அறைக்கு வரும் வழியின் இரு பக்கமும் கோரையை உயர வளர விடுங்கள், மனிதர் வருவது பறவைக்குத் தெரியக் கூடாது.

ஹொங்கொங்கில் 2006இல் திறந்த ஈரநிலப் பூங்காவின் நிலையத்தை வாசலிலிருந்து பார்த்தால், புல் மூடிய ஒரு மேடுபோலத்தான் தெரியும். கட்டடம் தன்னைக் காட்டாமல் இருப்பதும் ஓர் அழகு. நடைபாதையே வேண்டாம் என்பது என் கருத்து. இரவு விளக்கும் வேண்டாம். அங்கே மீன்பிடிப் பூனை இரவில்தான் இரை தேடும்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை

நடைபாதையே வேண்டாம் என்பதை நான் ஏற்க மாட்டேன். மாடிக் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகளை நான் கூட்டிக்கொண்டு போகிறேன். குனிந்து தண்ணீரைத் தொட்டு, தும்பியின் இளம்புழு கையில் ஊர்வதைப் பார்க்காமல் அவர்கள் திரும்பினால், படம் பார்த்ததோடு சரி.

நாற்பது பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள், பதினொரு மணிக்கு மழை பிடிக்கும். சுவரில்லாத பெரிய கூரை ஒன்று வேண்டும் பிள்ளை, கண்காட்சி அறையைவிட அதுதான் முக்கியம். பைகளை வைக்கவும் சோற்றுப் பார்சலைப் பிரிக்கவும் இடம் வேண்டும்.

அறிவிப்புப் பலகைகளையும் நீங்களே வரையுங்கள். ஒரு பூங்காவில் “கானாங்கோழி” என்பதைக் “கானாகோலி” என்று எழுதியிருந்தார்கள். என் மாணவி ஒருத்தி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “ரீச்சர், இது என்ன மொழி?” என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டிக்குள் தமிழை அடைத்தால் எழுத்து எறும்பாகச் சுருங்கிவிடும். மூன்று மொழிக்கும் முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். அச்சுக்குப் போகுமுன் ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

தெஹிவளை மாணவி

ஐயா, அண்ணா, ரீச்சர், மூவருக்கும் நன்றி. இரண்டு இரவு இருந்து புதிதாக வரைந்தேன்.

கட்டடம் கரைக்கு வந்துவிட்டது. மலசலகூடமும் பஸ் தரிப்பிடமும் வீதியோரம். தரை ஒன்றரை மீற்றர் உயரம், அடியில் வெறும் தூண்கள். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்வில் ஏற 18 மீற்றர் பாதை வேண்டும். அதைப் பக்கவாட்டில் ஒட்டாமல், கோரைக்கு நடுவே வளைந்து ஏறும் தலைவாசலாகவே ஆக்கிவிட்டேன்; எல்லோரும் அப்பா வரும் வழியாகத்தான் வருவார்கள். அண்ணா மன்னிக்க வேண்டும், பிள்ளைகளுக்காக 30 மீற்றர் நடைபாதையை மட்டும் வைத்திருக்கிறேன். குஞ்சுகளைக் கண்ட பக்கம் அது போகாது.

நேற்று நாற்காலியில் இருந்த அப்பாவின் கண் உயரத்தை நாடாவால் அளந்தேன். தரையிலிருந்து 114 சென்ரிமீற்றர். வடக்குத் திறப்பு 95இல் தொடங்கி 130இல் முடிகிறது; நாற்காலியின் சக்கரம் உள்ளே போக அதன் கீழே வெற்றிடம். நிற்பவர்கள் பார்க்க வேண்டுமானால் அங்கே போட்டிருக்கும் வாங்கில் உட்கார வேண்டும்.

வரைபடத்தைக் காட்டியதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: “சிவப்புக் கால் தெரியுமா?” திறப்புக்கு முன்னால் உள்ள நீரை ஆழமில்லாமல் விட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.