‘லேக் மங்கோ’ படத்தில் ஆவியே கிடையாதாம்!

கறுப்புவெள்ளை:
அதிகம் பேசப்படாத திகில், மர்ம, அறிவியல் புனைவுப் படங்கள் என்று தர்க்கவாதி அவர்கள் ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறார். ‘பிரைமர்’, ‘கோஹெரன்ஸ்’, ‘கியூர்’, ‘செஷன் 9’ என்று தேர்வைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘லேக் மங்கோ’வைப் பற்றி அவர் திருவாய் மலர்ந்தருளியிருப்பதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை. “இது திகில் படமே அல்ல. ஆவி என்று காட்டப்படுவது அனைத்தும் அந்தப் பெண்ணின் சகோதரன் செய்த பித்தலாட்டம் என்று படமே சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகும் பயந்தவர்கள் ஏமாறுவதற்கென்றே படம் பார்க்கிறவர்கள்” என்று எழுதியிருக்கிறார்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008இல் வந்த ஆஸ்திரேலியப் படம். இயக்குநர் ஜோயல் ஆண்டர்சன். பேட்டிகளையும் வீட்டுக் காணொளிகளையும் செய்தித் துணுக்குகளையும் கோத்த ஆவணப்படம் போலவே முழுப் படமும் நகரும். ஆலிஸ் பால்மர் என்ற 16 வயதுப் பெண், குடும்பத்தோடு நீந்தச் சென்ற அணையில் மூழ்கி இறக்கிறாள். பின்னர் வீட்டில் வைத்த கேமராக்களில் அவள் உருவம் தென்படுகிறது. அவற்றைத் தானே ஏற்பாடு செய்ததாகச் சகோதரன் மாத்யூ ஒப்புக்கொள்கிறான். தர்க்கவாதி பார்த்த படம் இந்த இடத்தில் முடிந்துவிட்டது போலும். ஜோயல் ஆண்டர்சன் எடுத்த படம் முடியவில்லை. இறுதியில் பெயர்ப்பட்டியல் ஓடும்போது முன்பு பார்த்த காட்சிகள் மீண்டும் வருகின்றன. மாத்யூ செய்துவைத்த போலி உருவத்தையே நாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாம் திரும்பியும் பாராத வேறொரு மூலையில் ஆலிஸ் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். பெயர்ப்பட்டியல் தொடங்கியதும் எழுந்து போகிறவர்கள் விமர்சனம் எழுதாமல் இருப்பது அவர்களுக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

தர்க்கவாதி:
கண்டனத்துக்கு நன்றி. பெயர்ப்பட்டியலையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அந்தப் படம் நம்மிடம் என்ன சொல்கிறது? புகைப்படம் பொய் சொல்லும், காணொளி பொய் சொல்லும், துக்கத்தில் இருக்கிறவன் எதையும் நம்புவான் என்கிறது. அப்படிச் சொன்ன படமே கடைசியில் இன்னொரு புகைப்படத்தை நீட்டி, இது மட்டும் உண்மை என்றால், அதை நம்புகிறவர் படத்தைப் புரிந்துகொண்டவரா, அல்லது படம் யாரைப் பற்றிப் பேசியதோ அவரேதானா? மேலும், பெயர்ப்பட்டியலில் வருவது கதைக்குள் இருக்கும் தாய்க்கும் தெரியாது, தந்தைக்கும் தெரியாது. பார்வையாளனோடு இயக்குநர் ஆடும் கடைசிக் குறும்பு அது. அதை ஆவி இருப்பதற்கான சான்றிதழாகச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டுமானால் தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள்.

கறுப்புவெள்ளை:
கதைக்குள் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் ஐயா அந்தப் படத்தின் திகில்! மகள் போய்விட்டாள், எல்லாம் அடங்கிவிட்டது என்ற நிம்மதியோடு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்கிறார்கள். வீட்டு வாசலில் நின்று அவர்கள் எடுத்துக்கொள்ளும் படத்தில், பின்னாலுள்ள ஜன்னலில் அவள் நிற்கிறாள். அவளை விட்டுவிட்டுப் போகிறார்கள். இதைக் குறும்பு என்று சொல்ல ஒரு தனி மனம் வேண்டும். உங்கள் தத்துவ விசாரம் எல்லாம் இருக்கட்டும், ஆவி இல்லையென்றால் பெயர்ப்பட்டியலில் நிற்பது யார்? சுற்றி வளைக்காமல் ஒரு பதில் சொல்லுங்கள்.

மூன்றாம்கண்:
நீங்கள் இருவரும் படத்தின் மையக் காட்சியை விட்டுவிட்டு ஓரத்தில் நின்று சண்டையிடுகிறீர்கள் என்பது என் தாழ்மையான கருத்து. இறப்பதற்கு முன் பள்ளிச் சுற்றுலாவாக லேக் மங்கோ என்ற வறண்ட ஏரிக்குச் செல்லும் ஆலிஸ், ஒரு மரத்தடியில் தன் கைப்பேசியைப் புதைத்துவைக்கிறாள். குடும்பத்தினர் அதைத் தோண்டி எடுக்கிறார்கள். அதிலுள்ள காணொளியில், இருட்டுக்குள்ளிருந்து ஓர் உருவம் மெல்ல மெல்லக் கேமராவை நோக்கி வருகிறது. நெருங்கியதும் பார்த்தால் அது நீரில் ஊறி உப்பிய ஆலிஸின் முகமே. இதை மாத்யூ எடுக்கவில்லை, எடுத்தவள் உயிரோடு இருந்த ஆலிஸ். ஆகவே இது மோசடியும் அல்ல, ஆவியும் அல்ல; இன்னும் இறக்காத ஒருத்திக்கு ஆவி ஏது? தன் சாவை முன்கூட்டியே கண்ட ஒரு பெண்ணின் கதை இது.

கறுப்புவெள்ளை:
கைப்பேசிக் காட்சி எனக்குத் தெரியாதது போல எழுதுகிறீர்கள். நான் பேசுவது பெயர்ப்பட்டியலைப் பற்றி. அங்கே நிற்பது யார்?

தர்க்கவாதி:
கைப்பேசிக் காட்சியைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் காலக் கைப்பேசிக் கேமராவில் இரவில் எடுத்த, புள்ளிபுள்ளியாகச் சிதறிய ஒரு காணொளி அது. அதில் முகம் தெரிவது போலவும் இருக்கும், தெரியாதது போலவும் இருக்கும். அந்தத் தெளிவின்மையை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். தெளிவில்லாத இடத்தில் அவரவர் அச்சம் ஓர் உருவத்தை வரைந்துகொள்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை என்பதைக் கறுப்புவெள்ளை அவர்கள் கவனித்திருக்க மாட்டார். பட்டியலில் அந்தப் படத்துக்கு நான் அளித்திருப்பது மூன்றாம் இடம்.

புதுவாசகி:
வணக்கம். இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, திகில் படம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. ஆவி இருந்தால்தான் திகிலா, பயந்தால் போதுமா? இரண்டு, பட்டியலைப் பார்த்து ஆசையோடு வந்த என் போன்றவர்களுக்கு, படத்தின் கடைசிக் காட்சி, அதற்குப் பின் வரும் காட்சி, மரத்தடியில் புதைத்தது என எல்லாமே தெரிந்துவிட்டது. முன்னெச்சரிக்கை ஒரு வரியாவது போட்டிருக்கக் கூடாதா?

கறுப்புவெள்ளை:
படம் வெளிவந்தது 2008இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பின் முன்னெச்சரிக்கை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். தர்க்கவாதி இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை அனைவரும் குறித்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுக்காட்சி:
படத்தின் முடிவைப் பற்றிக் கறுப்புவெள்ளை அவர்கள் இவ்வளவு உருகுவதைப் பார்க்கும்போது எனக்குப் பழைய நினைவு ஒன்று வருகிறது. ‘தி வானிஷிங்’ பற்றி இங்கே பேச்சு வந்தபோது, ஜார்ஜ் ஸ்லைசர் 1988இல் எடுத்த மூலப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அதே இயக்குநர் 1993இல் அமெரிக்காவில் மறுபடியும் எடுத்த படத்தைச் சிலாகித்து எழுதியவர் இவர். மூலப் படத்தில் அந்தக் கொலைகாரன் காலியான காரில் தனியாக உட்கார்ந்து, கடத்தலுக்கு ஒத்திகை பார்த்து, தன் நாடித் துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்கிறானே, அந்தக் காட்சியின் குளிர்ச்சி வேறெதிலும் இல்லை. திரையுலகின் மிகக் கொடூரமான முடிவுகளில் ஒன்று அந்தப் படத்தினுடையது. அமெரிக்கப் படத்தில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு நாயகனைக் காப்பாற்றி அனுப்பிவைத்தார்கள். அதைப் பாராட்டியவர் இன்று முடிவின் மகத்துவத்தைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கிறார்.

கறுப்புவெள்ளை:
நான் பாராட்டியது அந்த அமெரிக்கப் படத்தில் கடத்தல்காரனாக வரும் ஜெஃப் பிரிட்ஜஸின் நடிப்பை. முடிவை அல்ல. பழைய கணக்கைத் தீர்க்க வேண்டுமானால் வேறு இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு ‘லேக் மங்கோ’.

ஆனாலும் எடுத்த பேச்சுக்காக ஒன்று சொல்கிறேன். சில படங்கள் தங்கள் உயிரைச் சட்டகத்தின் மூலையில் வைத்திருக்கும். கியோஷி குரோசாவாவின் ‘கியூர்’, 1997. ஒன்றோடொன்று தொடர்பில்லாத சாதாரண மனிதர்கள் திடீரென்று கொலை செய்கிறார்கள், ஒவ்வொரு சடலத்திலும் குறுக்கு வெட்டாக ஒரே அடையாளம். கடைசிக் காட்சியில் துப்பறிவாளர் உணவகத்தில் அமைதியாகச் சாப்பிட்டு முடிக்கிறார். நம் கண் அவர் மீதே இருக்கும். பின்னணியில் பரிமாறும் பெண் ஒருத்தி சட்டென்று ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு நடக்கிறாள். அவ்வளவுதான், படம் முடிந்துவிடுகிறது. அந்தக் கத்தியைப் பார்த்தவருக்கு ஒரு படம், பார்க்காதவருக்கு இன்னொரு படம். அதேபோல் கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’, 1962. காலப் பயணத்தைப் பற்றிய 28 நிமிடப் படம், முழுக்க முழுக்க அசையாப் புகைப்படங்கள். பொறுமையோடு ஒவ்வொரு படத்தையும் பார்க்காவிட்டால் அதில் ஒன்றுமே இல்லை. தர்க்கவாதி போன்றவர்கள் கைப்பேசியில், ஒன்றரை மடங்கு வேகத்தில், வேறு வேலைக்கு நடுவே பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவதால்தான் இந்தப் படங்களுக்கெல்லாம் இந்த கதி.

தர்க்கவாதி:
நான் எந்த வேகத்தில் பார்த்தேன் என்பதை உங்களுக்கு யார் சொன்னது? அதுவும் ஓர் ஆவியா? பொறுமையைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் ‘லா ஜெத்தே’யைப் பொறுமையோடு பார்த்திருக்க வேண்டும். அது முழுக்க முழுக்க அசையாப் புகைப்படங்கள் அல்ல. படுக்கையில் இருக்கும் அந்தப் பெண் கண் திறந்து இமைக்கும் ஒரே ஒரு காட்சி மட்டும் அசையும். அந்தப் படத்தைப் பற்றி எழுதுகிற எவரும் முதலில் சொல்வது அதைத்தான். சட்டகத்தின் மூலையில் இருப்பதைப் பார்ப்பவருக்குச் சட்டகத்தின் நடுவில் இமைத்த கண் தெரியவில்லை!

கறுப்புவெள்ளை:
அந்த ஒரு காட்சியைக் கவனித்தவர்களால்தான் அந்தப் படம் நிற்கிறது என்பதைத்தான் நானும் சொல்கிறேன். என் வாதத்துக்கு வலு சேர்த்ததற்கு நன்றி. பெயர்ப்பட்டியலில் நிற்பது யார்?

மூன்றாம்கண்:
நண்பர்களே, ஹெர்க் ஹார்வி 1962இல் எடுத்த ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்வி, தொழில் சார்ந்த குறும்படங்கள் எடுத்துக்கொண்டிருந்த அவர் இயக்கிய ஒரே முழுநீளக் கதைப்படம் அது. அதில் கதாநாயகியைத் துரத்தும் வெளிறிய முகமும் அவருடையதே. ஆற்றில் விழுந்த காரிலிருந்து பிழைத்து வந்ததாக அவள் நம்புகிறாள். கடைசியில் காரை இழுத்து வெளியே எடுக்கும்போது அவள் உடல் உள்ளே இருக்கிறது. தன் மரணத்தை அறியாதவள் அவள், தன் மரணத்தை முன்பே கண்டவள் ஆலிஸ். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஆவி உண்டா இல்லையா என்ற கேள்வியே சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும்.

கறுப்புவெள்ளை:
சிறுபிள்ளைத்தனம் என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். ஹெர்க் ஹார்வியைப் பற்றி இந்தத் தளத்தில் முதலில் எழுதியவன் நான்.

தர்க்கவாதி:
மூன்றாம்கண் சொல்வதில் பாதியை ஏற்கலாம். நான் ‘செஷன் 9’ஐப் பட்டியலின் உச்சியில் வைத்ததற்குக் காரணமும் அதுதான். கைவிடப்பட்ட ஒரு மனநல மருத்துவமனையில் ஆஸ்பெஸ்டாஸை அகற்ற வந்த ஐந்து தொழிலாளர்கள், ஒரு பழைய ஒலிநாடா, அவ்வளவுதான். படப்பிடிப்பு நடந்தது உண்மையாகவே கைவிடப்பட்டிருந்த டான்வர்ஸ் மருத்துவமனையில். பட்டப்பகலில் வெயில் விழும் தாழ்வாரத்தைக் காட்டியே முதுகைச் சில்லிட வைத்துவிடுகிறார் இயக்குநர் பிராட் ஆண்டர்சன். அங்கேயும் ஆவி இல்லை. கடன், சோர்வு, குடும்பச் சுமை ஆகியவற்றால் நொறுங்கிய ஒரு மனிதன்தான் இருக்கிறான்.

நள்ளிரவுக்காட்சி:
அந்தப் படம் முடியும் தறுவாயில் ஒலிக்கும் குரல் யாருடையதாம்?

தர்க்கவாதி:
ஒலிநாடாவில் பதிவானது. இதையும் தொடங்கிவிட்டீர்களா?

கறுப்புவெள்ளை:
பார்த்தீர்களா! கடைசிக் குரலும் கேட்கவில்லை, கடைசிப் படமும் தெரியவில்லை. இவருடைய படங்கள் எல்லாமே முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னரே முடிந்துவிடுகின்றன. இவர் ‘பிரைமர்’ படத்தைப் புரிந்துகொண்டதாகவும் எழுதியிருக்கிறார். ஷேன் கரூத் ஏறக்குறைய 7,000 டாலரில் எடுத்து, 2004இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவின் பெரும் பரிசை வென்ற அந்தக் காலப் பயணப் படத்தை, ஆறு மணி நேரம் பின்னோக்கிப் போக வேண்டுமானால் கால இயந்திரமான பெட்டிக்குள் ஆறு மணி நேரம் கிடக்க வேண்டும் என்ற அதன் அடிப்படை விதியைக்கூடக் குறிப்பிடாமல் “இரட்டை மனிதர்கள் வரும் படம்” என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்.

தர்க்கவாதி:
அது பட்டியல், பாடநூல் அல்ல. புகைப்படம் பொய் சொல்லும் என்று நிறுவிய படம் புகைப்படத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று தொடக்கத்திலேயே கேட்டேன். அதற்கு நீங்கள் இன்னும் ஒரு சொல்கூட எழுதவில்லை. நீங்கள் எழுதியதெல்லாம் என் கண், என் பொறுமை, என் கைப்பேசி பற்றியே.

கறுப்புவெள்ளை:
மாத்யூ பொய் சொன்னான் என்பதால் கேமராவே பொய்யாகிவிடாது. அவன் பொய்யை அமைத்துக்கொண்டிருந்த அதே நொடியில், அவனுக்கே தெரியாமல் உண்மையும் அதே சட்டகத்தில் பதிந்திருக்கிறது. படத்தின் அழகே அதுதான். இதை விளங்கிக்கொள்ள விருப்பமில்லாதவருக்கு விளக்கிப் பயனில்லை. பெயர்ப்பட்டியலில் நிற்பது யார் என்று மீண்டும் கேட்கிறேன், இந்த இழை மூடப்படும்வரை கேட்பேன்.

புதுவாசகி:
‘கோஹெரன்ஸ்’ படத்தையாவது நான் பார்த்து முடிக்கும் வரை யாரும் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பீர்களா?

மூன்றாம்கண்:
தாராளமாகப் பாருங்கள். இயக்குநர் ஜேம்ஸ் வார்ட் பிர்கிட் தன் சொந்த வீட்டிலேயே, எழுதிய வசனம் இல்லாமல், நடிகர்களுக்குத் துண்டுக் குறிப்புகள் மட்டும் கொடுத்து, ஐந்தே இரவுகளில் எடுத்த படம். இரு வீடுகளிலும் இருக்கும் ஒளிக்குச்சிகளின் நிறத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வேறொன்றும் சொல்ல மாட்டேன்.

புதுவாசகி:
இரு வீடுகளா?

நள்ளிரவுக்காட்சி:
அருமை, அதையும் கெடுத்தாயிற்று. கறுப்புவெள்ளை அவர்களே, நீங்கள் 1993ஆம் ஆண்டுப் படத்தில் நடிப்பை மட்டும்தான் பாராட்டினீர்கள் என்கிறீர்கள். “மூலத்தைவிட மனநிறைவான முடிவு” என்ற உங்கள் வரி என்னிடம் அப்படியே இருக்கிறது. எடுத்துப் போடட்டுமா?

கறுப்புவெள்ளை:
போடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதிய வரிகளையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுகிறவர்களோடு எனக்கு விவாதம் இல்லை.