பள்ளி மாணவர்கள் தயாரிக்கும் சுற்றுச்சூழல் அறிவியல் செய்தி: வழிகாட்டல் தேவை

தென்சென்னை ஆசிரியை எழுதியது:

வணக்கம். தென்சென்னையில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் சுற்றுச்சூழல் மன்றத்தில் உள்ள ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள், மாதம் ஒருமுறை ஐந்து நிமிடக் காணொளிச் செய்தி ஒன்றைத் தயாரித்துக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திரையிடவும், பிறகு பள்ளியின் யூடியூப் பக்கத்தில் வெளியிடவும் ஆசைப்படுகிறார்கள். தலைமையாசிரியர் இசைவு தந்துவிட்டார். ஆசிரியர்களின் கைபேசிகளும் ஒரு டிரைபாடும் கணினி ஆய்வகமும் எங்களிடம் உள்ளன. மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவர அனுமதி இல்லை.

தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும், அதை ஒட்டியே இருக்கும் பெருங்குடி குப்பைக் கிடங்கும் இந்தப் பிள்ளைகள் அன்றாடம் பேருந்தில் கடந்து வரும் இடங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் பெருமளவில் இறந்து ஒதுங்கியதை நேரில் பார்த்தவர்களும் அவர்களிடையே இருக்கிறார்கள். ஆயினும், எழுதிக்கொண்டு வரும் செய்தி உரைகளைப் படித்தால், எல்லாமே பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தவை போல இருக்கின்றன. “இயற்கையைக் காப்போம், வருங்காலத்தைக் காப்போம்” என்று தொடங்கி அப்படியே முடிந்துவிடுகின்றன. ஊரின் பெயரை மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்தும்.

இரண்டாவதாக, மாணவர் ஒருவரின் தந்தை, நீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கித் தந்திருக்கிறார். அதைக் கொண்டு தங்கள் தெருக்களின் குழாய் நீர், போர் நீர், கேன் நீர் ஆகியவற்றை அளந்து, எது குடிக்கத் தகுந்தது என்று செய்தியில் அறிவிக்க வேண்டும் என்பது அவர்களின் திட்டம். அந்த ஆர்வத்தைக் குலைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அப்படி அறிவிக்கலாமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மூன்றாவது, பெற்றோரின் அச்சம்: அரசுத் துறைகளைக் குறை கூறுவதாகிவிட்டால் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கும் தொல்லை வருமோ என்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் கூறுங்கள்.

செய்தி மேசை எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தமிழ்த் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உரைகள் பேச்சுப் போட்டி போல இருப்பதற்குக் காரணம், மாணவர்களிடம் தலைப்பு இருக்கிறதே தவிர செய்தி இல்லை என்பதுதான். “பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்” என்பது தலைப்பு. “கடந்த மாதம் இந்தச் சாலையில் மழைநீர் எத்தனை மணி நேரம் தேங்கி நின்றது, அது எந்த வழியாகச் சதுப்பு நிலத்துக்குப் போயிருக்க வேண்டும், போகவிடாமல் தடுத்தது எது” என்று கேட்டால், அங்கே செய்தி தொடங்குகிறது. ஆகவே உரையை எழுத உட்காருவதற்கு முன், விடை தெரியாத ஒரே ஒரு கேள்வியை மாணவர்கள் ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும் என்று விதி வையுங்கள். வெளியே சென்று பார்க்காமல், யாரையும் கேட்காமல், எதையும் அளக்காமல் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும் என்றால், அதைத் தள்ளிவிடலாம்.

ஐந்து நிமிடம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளமானது. தமிழை நிதானமாக வாசித்தால் நிமிடத்திற்கு ஏறக்குறைய நூறு சொற்கள்தான் வரும் என்றாலும், ஐந்து நிமிடமும் ஒரே முகம் வாசித்துக்கொண்டிருந்தால் வழிபாட்டுக் கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள்கூடக் கேட்க மாட்டார்கள். முதல் சில இதழ்களுக்கு மூன்று நிமிடமே போதும். தொடக்கத்தில் ஆங்கர், அதாவது செய்தியை வழங்குபவர், சொல்லும் லீட் எனும் முன்னுரை இரண்டு வாக்கியம். அடுத்து, களத்தில் எடுத்த விஷுவல்களின் மேல் வாய்ஸ் ஓவர், அதாவது பின்னணியில் வாசிக்கும் குரல். இடையில் ஒருவரோ இருவரோ பேசும் பைட், அதாவது பேட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டு. இறுதியில் நிருபர் அந்த இடத்திலேயே நின்று, தாம் கண்டறிந்ததையும் இன்னும் விடை கிடைக்காததையும் சொல்வது. இந்த அளவு கைகூடினால் மற்றவை பின்னால் தாமாகவே சேரும்.

படத்தைவிட ஒலிதான் உங்களைக் கைவிடும். கடற்கரையில் கைபேசியின் மைக் காற்றைத்தான் பதிவு செய்யும், பேசுபவரை அன்று. சட்டையில் மாட்டும் காலர் மைக் ஒன்று விலை மலிவாகவே கிடைக்கிறது; அது இல்லையென்றால், இன்னொரு கைபேசியை ஒலிப்பதிவில் வைத்துப் பேசுபவரின் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டச் சொல்லுங்கள். தொகுக்கும்போது அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு ஷாட்டையும் கையை அசைக்காமல் பத்து விநாடியாவது எடுக்கப் பழக்குங்கள்.

பேட்டி எடுக்கும்போது அதிகாரிகளையும் பேராசிரியர்களையும் மட்டும் தேடிப் போக வேண்டாம். எண்ணூர் முகத்துவாரத்தில் எந்த ஆண்டு முதல் எந்த மீன் வலையில் விழவில்லை என்பதை அங்கே தொழில் செய்யும் மீனவர் ஆண்டு வாரியாகச் சொல்வார். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே விட்டுவிடுங்கள். மாணவர்கள் அதைத் திருத்தி ஏட்டுத்தமிழில் மீண்டும் சொல்ல வேண்டிய தேவையில்லை.

பெற்றோரின் அச்சத்தைப் பற்றி: குற்றம் சாட்டுவது வேறு, கேள்வி கேட்பது வேறு என்பதை அவர்களுக்கு விளக்குங்கள். கால்வாய் அடைத்திருந்தால் மாணவர்கள் அதைப் படம் எடுக்கலாம். எடுத்த நாளையும் இடத்தையும் திரையில் போடலாம். மாநகராட்சி வார்டு அலுவலகத்திற்குப் பள்ளியின் முத்திரையுடன் ஒரு கடிதம் கொடுத்து, விடை வந்தால் அதை முழுமையாக ஒளிபரப்பலாம். விடை வராவிட்டால், எந்தத் தேதியில் கேட்டோம், இதுவரை பதில் இல்லை என்று மட்டும் சொன்னால் போதும். “அலட்சியம்”, “மெத்தனம்” போன்ற சொற்களை உங்கள் செய்தியிலிருந்து விலக்கிவிடுங்கள். தவறான தகவல் ஒளிபரப்பாகிவிட்டால், அடுத்த இதழின் முதல் செய்தியாக அதன் திருத்தம் வர வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நீர் ஆய்வகம் எழுதியது:

செய்தி மேசை ஐயா சொன்னவற்றில் ஒலி, பேட்டி ஆகியவை எனக்குத் தெரியாத துறைகள். நான் டி.டி.எஸ். மீட்டரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத விரும்புகிறேன். ஏனென்றால் இந்த நகரத்தில் அந்தச் சிறு கருவியைக் காட்டி எவ்வளவோ பேரைப் பயமுறுத்துகிறார்கள்.

அந்த மீட்டர் உண்மையில் அளப்பது நீரின் மின்கடத்துதிறனை. கரைந்திருக்கும் உப்புகள் மிகுந்தால் கடத்துதிறன் மிகும். கருவி அதை ஒரு காரணியால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. அந்த உப்பு கால்சியமா, சோடியமா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. சாக்கடை கலந்ததால் நீரில் புகுந்த நுண்ணுயிரிகள் அதன் கண்ணில் படாது. தீங்கு விளைவிக்கும் அளவு ஈயம்கூட லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும் என்பதால், அதனால் மீட்டரின் எண் சிறிதும் மாறாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரம் (2012), டி.டி.எஸ். 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 மி.கி. வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. எனவே 700 காட்டும் போர் நீர் கெட்ட நீர் என்றும் 40 காட்டும் கேன் நீர் தூய நீர் என்றும் மாணவர்கள் அறிவித்தால், இரண்டுமே அறிவியலுக்குப் புறம்பான கூற்றுகளாகிவிடும். எது குடிக்கத் தகுந்தது என்பதை இந்தக் கருவியால் சொல்ல முடியாது.

ஆனால் மீட்டரை மூட்டை கட்டி வைக்கவும் வேண்டாம். நிலத்தடி நீர் உவர்ப்பாவதைத் தொடர்ந்து கவனிக்க அதைவிட எளிய கருவி கிடையாது. ஒரே கிணற்றிலோ போரிலோ வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே அளவு நேரம் நீரை ஓடவிட்டபின், ஒரு மாதிரியை மூன்று முறை அளந்து குறித்து வாருங்கள். கோடையின் கடைசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை முடியும் வரை குறித்தால், மழைநீர் நிலத்தில் இறங்கியபின் எண் இறங்குகிறதா, கடலுக்கு அருகில் உள்ள தெருவுக்கும் உள்ளே தள்ளியுள்ள தெருவுக்கும் என்ன வேறுபாடு என்பன தெரியவரும். தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் பள்ளியிலும் அந்தத் தொட்டி இருக்கும். அதன் கூழாங்கல்லும் மணலும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன என்று விசாரித்தால் அதுவே ஒரு செய்தி.

எண்களைத் திரையில் போடும்போது எங்கே, எப்போது, எந்தக் கருவியால் அளக்கப்பட்டது என்பது அதே சட்டகத்தில் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் ஐயாவிடமிருந்து நான் சற்று மாறுபடுகிறேன். கண்டறிந்ததை நிருபர் இறுதியில் சொல்வது மட்டும் போதாது. மாணவர்கள் அளக்கும் காட்சியே படத்தின் நடுப்பகுதியாக வர வேண்டும். மூன்று அளவீடுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் அதையும் வெட்டாமல் காட்டுங்கள். பார்க்கும் ஏழாம் வகுப்பு மாணவி அறிவியல் எப்படி நடக்கிறது என்பதை அங்கேதான் கற்றுக்கொள்கிறாள்.

போகிப் புகையைப் பற்றிச் செய்தி எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். பி.எம். 2.5 நுண்துகளுக்கு இந்தியாவின் தர அளவு, 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்தது 15. விடியற்காலை ஐந்து மணிக்குக் கைக்கருவி காட்டும் ஒரு நொடி அளவை 24 மணி நேரச் சராசரிக்குரிய எல்லையோடு ஒப்பிட்டு “இத்தனை மடங்கு” என்று சொல்வது பெரிய செய்தி நிறுவனங்களிலும் காணப்படும் பிழை. விலை மலிவான கருவிகள் ஒளிச்சிதறலை வைத்துத் துகள்களைக் கணக்கிடுவதால், மார்கழிக் காலையின் ஈரப்பதத்தில் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற நிலையங்களின் அளவீடுகளை இணையத்தில் வெளியிடுகிறது. அவற்றை எடுத்து, முந்தைய நாளின் அதே மணி நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

ஒரு வேண்டுகோள்: அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் நீரில் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள். கயிறு கட்டிய வாளியால் மேலிருந்து நீர் மொள்ளலாம், கையுறை கட்டாயம். குப்பைக் கிடங்குக்குள் செல்வதும் வேண்டாம்.

கடற்கரைத் தன்னார்வலர் எழுதியது:

ஆமைகளைப் பற்றி எடுக்கப்போவதாக இருந்தால், ஜனவரிக்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். முட்டையிட வரும் தாய் ஆமையையோ கடலுக்குப் போகும் குஞ்சுகளையோ கைபேசி விளக்கைப் போட்டுப் படம் எடுக்கவே கூடாது. குஞ்சுகள் கடற்பரப்பின் மேலுள்ள மெல்லிய வெளிச்சத்தை நோக்கி நகர்பவை. பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எரிந்தால் திரும்பி நிலத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்பதால், இறந்து ஒதுங்கிய ஆமையைக்கூட மாணவர்கள் தொடக் கூடாது. இருட்டில் எடுத்த மங்கலான படமே போதும். மேலே ஒலிக்கும் குரல், ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் உயிரினம் என்பதையும், இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுத்திணறி இறந்துவிடும் என்பதையும், வலையிலிருந்து ஆமை வெளியேற உதவும் கருவி ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்லட்டும். மீனவர்களிடமும் பேசுங்கள். அவர்களைக் குற்றவாளிகளாகக் காட்டும் செய்தி உண்மையாகவும் இருக்காது, எங்கள் பணிக்கும் உதவாது.

தென்சென்னை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து மன்றக் கூட்டத்தில் மாணவர்களையே வாசிக்கச் சொன்னேன். டி.டி.எஸ். பற்றிய பகுதியைக் கேட்டதும், மீட்டர் கொண்டுவந்த மாணவனே “அப்படியானால் குடிக்கலாமா என்ற கேள்வியை விட்டுவிட்டு, மழைக்குப் பிறகு மாறுகிறதா என்று கேட்போம்” என்றான். முதல் இதழ் மழையும் நிலத்தடி நீரும் என்று முடிவாகியிருக்கிறது.

இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. மழை நன்றாகப் பெய்யும் நாட்களில் பள்ளிக்கு விடுமுறை விடப்படுகிறது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் வந்துவிடுகிறது. அளவீடு விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்? மேலும், மாணவர்களின் முகமும் பெயரும் யூடியூபில் வருவதற்குப் பெற்றோரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்க வேண்டுமா?

நீர் ஆய்வகம் எழுதியது:

பள்ளிக்கு அருகிலேயே குடியிருக்கும் மாணவர்கள் மூன்று நான்கு பேர் தத்தம் மொட்டை மாடியில் மழைமானி வைத்துக்கொள்ளட்டும். பக்கங்கள் செங்குத்தாக உள்ள, அடி தட்டையான கண்ணாடிப் பாத்திரமும் ஓர் அளவுகோலும் போதும். மரமும் சுவரும் மறைக்காத இடமாக இருக்க வேண்டும். வானிலை ஆய்வு மையம் நாள் மழையைக் காலை 8.30 மணியோடு முடித்துக் கணக்கிடுகிறது. நீங்களும் அதே நேரத்தில் குறித்தால்தான் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகளோடு ஒப்பிட முடியும். ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை என்பது அவர்களின் வகைப்பாடு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர் நீர். பள்ளியின் மாடி 500 சதுர மீட்டர் என்றால், 50 மி.மீ. மழையில் 25,000 லிட்டர் அதன் மேல் விழுகிறது. இந்தக் கணக்கை ஆங்கரே கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். செய்திகளில் ஏரிக் கொள்ளளவாக வரும் மில்லியன் கன அடியையும் அப்படியே விளக்குங்கள்: ஒரு மில்லியன் கன அடி ஏறக்குறைய 2.83 கோடி லிட்டர்; செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி.

செய்தி மேசை எழுதியது:

ஒப்புதல் கட்டாயம் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் முறை. படிவத்தில் எந்தக் காணொளி, எங்கே வெளியாகும், பின்னர் நீக்கச் சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பவற்றைத் தமிழில் தெளிவாக எழுதுங்கள். திரையில் முதற்பெயர் மட்டும் போதும். சீருடையில் பெயர்ப்பட்டை இருந்தால் கழற்றிவிடுங்கள். கருத்துப் பகுதியை மூடிவைப்பது நல்லது.

தேர்வைப் பொறுத்தவரை, டிசம்பர் இதழை விட்டுவிடுங்கள். அக்டோபரில் எடுத்த காட்சிகளையும் மழைமானிக் குறிப்பேட்டையும் பத்திரப்படுத்திவைத்து, பருவமழை முழுவதற்குமாகச் சேர்த்து ஜனவரியில் ஒரே செய்தியாக வெளியிட்டால், மாணவர்கள் கையில் மூன்று மாத அளவீடுகள் இருக்கும். முதல் வரைவு உரை தயாரானதும் இங்கே பதிவிடுங்கள். வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.